ஹோம்புஷ் செங்கல் பள்ளம்

சிட்னித் தமிழர்களிடம் ஹோம்புஷ் என்று சொன்னால் மளிகைக் கடைதான் ஞாபகத்துக்கு வரும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் இடியாப்ப மாவு, நெத்தலிக் கருவாடு, வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள், ஃப்ரீசரில் உறைந்துகிடக்கும் முருங்கைக்காய் என்று எதற்கும் பஞ்சமில்லை. என் தங்கை குடியிருப்பது வெண்ட்வர்த்வில்லில். அங்கேயும் தடுக்கி விழுந்தால் நம்மவர் கடைதான். ஆனாலும் தூள் மட்டும் ஹோம்புஷில் வாங்கினால்தான் குழம்பு குழம்பாக இருக்கும் என்பது அவள் கட்சி. ஒரு சனிக்கிழமை காலை துணிப்பையும் கையுமாக ரயிலேறினேன்.

கடையில் பில் போடும் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர், கடைக்காரருக்கு உறவு. என் பேச்சைக் கேட்டதுமே ஊர் தெரிந்துவிட்டது.

"இந்தியாவோ தம்பி? என்னென்ன பாத்தனீங்கள்?"

ஓபரா ஹவுஸ், ஹார்பர் பாலம், ப்ளூ மவுண்டன் என்று வழக்கமான பட்டியலை ஒப்பித்தேன்.

"அதெல்லாம் எல்லாரும் பாக்கிறதுதானே. இஞ்ச பக்கத்தில பள்ளம் ஒண்டு கிடக்கு. கல்லு அறுத்த பள்ளம். சிட்னியில பாதி வீடு அதுக்குள்ள இருந்து வந்தது. வாங்கோ, நானும் நடக்கத்தான் வெளிக்கிடுறன்."

பாதி வீடு என்பது பெரியவரின் வாய்க்கணக்கு. ஆனால் கதை பொய்யில்லை. 1911 முதல் 1988 வரை, நடுவில் சில ஆண்டுகள் நீங்கலாக, இந்தப் புறநகரில் செங்கல் சூளை எரிந்தது. அதைத் தொடங்கியது ஒரு முதலாளி இல்லை, அரசாங்கம். அதுதான் என்னைக் கிளப்பிக்கொண்டு போனது.

பஸ் பிடித்து ஆஸ்திரேலியா அவென்யூவில் இறங்கினோம். இந்தப் பகுதிக்கு இப்போது சிட்னி ஒலிம்பிக் பார்க் என்று பெயர். 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடந்த ஸ்டேடியமும் நீச்சல் அரங்கமும் இங்கேதான். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போக, நாங்கள் எதிர்ப்பக்கம் திரும்பினோம். யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் தரை சட்டென்று முடிந்துபோகிறது. கீழே பெரிய பள்ளம். அடியில் பச்சையும் பழுப்புமாகத் தண்ணீர். சுவர்கள் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு படியும் இயந்திரங்கள் நின்று மண் எடுத்த தட்டு. மேலே கருஞ்சாம்பல் நிறத்தில் ஆஷ்ஃபீல்ட் ஷேல் என்கிற களிப்பாறை, கை வைத்துக் கிள்ளினால் ஏடு ஏடாக உதிரும் சாதி. அதற்கும் கீழே, தோண்டுவது நின்றுபோன இடத்தில், மஞ்சளாக ஹாக்ஸ்பரி மணற்பாறை. செங்கலுக்கு ஆகாத கல் வந்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பள்ளத்துக்கு மேலே ஒரு வட்டப் பாலம் நிற்கிறது. ஒல்லியான இரும்புக் கால்கள், சுற்றிலும் பல நிறத் தடுப்புகள். சுற்றளவு 550 மீட்டர். பள்ளத்துத் தரையிலிருந்து உயரம் 18.5 மீட்டர். டர்பாக் பிளாக் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 2005-இல் கட்டியது. எங்கேயும் போய்ச் சேராத பாலம். ஏறின இடத்துக்கே கொண்டுவந்து விடும். நடந்துகொண்டே கீழே பார்க்க வேண்டியது, தடுப்புகளில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டியது. இங்கே வேலை செய்தவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளும் உண்டு.

"நான் இந்தப் பாலத்தில தினமும் ரெண்டு சுத்துச் சுத்துவன். டொக்டர் சொன்னது," என்றார் பெரியவர்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்னால் இது வாங்கல் மக்களின் நிலம். சிட்னிக் கடற்கரைக்கு 1788-இல் வந்து சேர்ந்த முதல் கப்பல் கூட்டத்தில் செங்கல்லும் அச்சும் கூடவே வந்தன. செங்கல் அறுக்கத் தெரிந்த ஒரு கைதியும் வந்தான். ஜேம்ஸ் ப்ளட்ஸ்வர்த் என்று பெயர். இன்றைய நகரத்தின் நடுவில் ஹேமார்க்கெட் பக்கம் களிமண் கிடைக்க, அங்கேயே களம் போட்டார்கள். வண்டி இழுக்கக் காளை இல்லை, குதிரை இல்லை. வண்டிக்கு 12 கைதிகளைப் பூட்டி, 350 செங்கல் ஏற்றி, ஒரு நாளைக்கு ஐந்து நடை இழுக்க விட்டார்கள். டேவிட் காலின்ஸ் என்ற அதிகாரி எழுதிவைத்துப் போன கணக்கு இது. 350 செங்கல் ஒரு டன்னுக்குக் குறையாது. கட்டச் செங்கல் இருந்தது, பூசச் சுண்ணாம்பு இல்லை. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். ப்ளட்ஸ்வர்த் கட்டிய முதல் கவர்னர் மாளிகையின் அஸ்திவாரம் இன்றைய சிட்னி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அடியில் தெரிகிறது. ஓபரா ஹவுஸ் போகிற வழிதான், எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

நகரம் பெருகப் பெருகக் களம் வெளியே தள்ளிக்கொண்டே போனது. ஹேமார்க்கெட்டிலிருந்து நியூடவுன், செயின்ட் பீட்டர்ஸ், மாரிக்வில் என்று நகர்ந்தது. எந்த ஊரிலும் செங்கல் சூளை ஊரின் விளிம்பில்தான் இருக்கும். ஊர் வந்து அதை விழுங்கியதும் அடுத்த விளிம்புக்குப் போகும். 1900-க்குப் பிறகு சிட்னியில் வீடு கட்டும் வேகம் தாறுமாறாக ஏறியது. செங்கல் முதலாளிகள் கூடிப் பேசி சிண்டிகேட் போட்டார்கள். யார் எந்த விலைக்கு விற்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் கட்டுகிற அரசாங்கமும் அதே விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. சிமெண்ட் மூட்டை விலை ஏறும்போது நம் சட்டசபையில் கேட்கிற கூச்சல்தான் அங்கேயும் கேட்டிருக்கும்.

1910 அக்டோபரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முதல்முறையாகத் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. பிரீமியர் ஜேம்ஸ் மெகவன் கொதிகலன் செய்யும் தொழிலாளியாக இருந்து வந்தவர். பொதுப்பணி அமைச்சர் ஆர்தர் கிரிஃபித். முதலாளிகளை விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதை விட நாமே செங்கல் அறுத்துவிடலாம் என்பதுதான் அவர்கள் போட்ட திட்டம். ஹோம்புஷ் விரிகுடாவை ஒட்டி அரசாங்கத்திடம் நிலம் இருந்தது. களிப்பாறை மேலாகவே கிடந்தது. பக்கத்தில் ரயில் பாதை. 1911-இல் அரசு செங்கல் தொழிற்சாலை பிறந்தது.

இந்த ஆட்சிக்குச் செங்கல் மட்டும் போதவில்லை. கருங்கல் குவாரி, மரக்கிடங்கு, ரொட்டிச் சாலை, கடைசியில் மீன்பிடிக் கப்பல்கள் வரை இறங்கினார்கள். மீன் தொழில் நஷ்டத்தில் மூழ்கி 1923-இல் கடையைக் கட்டியது. செங்கல் தாக்குப் பிடித்தது. காரணம் லேசானது. மீன் கெட்டுப்போகும், கடல் ஏமாற்றும். செங்கல்லுக்கு இரண்டு கவலையும் இல்லை. வாங்குகிறவனும் அரசாங்கம், விற்கிறவனும் அரசாங்கம். வெளிச்சந்தைக்கும் கொஞ்சம் கொடுத்தால் சிண்டிகேட்டுக்கு ஒரு கடிவாளம். தொழிற்கட்சிக்காரர்கள் தொட்டதில் துலங்கியவை சொற்பம். அதில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பாலத்தில் பாதிச் சுற்று வந்திருந்தோம். பெரியவர் கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். நான் எதிர்ச்சுவரில் இருந்த தட்டுகளை எண்ணிக்கொண்டே, இந்தக் கல் எப்படிச் செங்கல்லாகியிருக்கும் என்று யோசித்தேன். நான் பார்த்து வளர்ந்த சூளை வேறு. ஏரி மண்ணையோ வயல் மண்ணையோ வெட்டி, தண்ணீர் விட்டுப் புளிக்க வைத்து, மிதித்து, மர அச்சில் அடித்துக் களத்தில் வரிசை வரிசையாக இறக்குவார்கள். பச்சைக் கல் வெயிலில் காய வேண்டும். நடுவில் ஒரு மழை வந்தால் அத்தனையும் மறுபடி சேறு. அதனால்தான் ஐப்பசி வந்தால் நம் களங்களில் ஆள் இருக்காது.

சிட்னிக்காரர்களுக்குக் கிடைத்தது சேறு இல்லை, பாறை. அதனால் செய்முறையும் தலைகீழ். களிப்பாறையைப் பெயர்த்து மேலே இழுத்து, கனத்த உருளைகள் சுற்றும் இரும்புத் தொட்டியில் போட்டுப் பொடியாக்கிச் சலிப்பார்கள். பொடியில் லேசான ஈரம் இருந்தால் போதும். கையில் பிடித்தால் பிடி நிற்கும், விரலில் ஒட்டாது. அதை எஃகு அச்சில் கொட்டி இயந்திரத்தால் ஓங்கி அழுத்தினால் கல் தயார். காய வைக்கும் வேலையே இல்லை, நேரே சூளைக்குப் போகலாம். மழை, வெயில் எதையும் பார்க்க வேண்டாம், வருஷம் முழுக்க ஓட்டலாம். விளிம்பு கத்தி மாதிரி நேராக இருக்கும். ஒரு முகத்தில் அச்சு பதிந்த குழி இருக்கும், கலவை பிடித்துக்கொள்ள. சிட்னியின் பழைய சிவப்பு வீடுகளில் பூச்சுப் பூசாமல் விட்ட சுவர்களைப் பார்த்தால் இந்தக் கல்லின் அருமை தெரியும். இன்றைக்கும் ஆஸ்திரேலியாவில் செங்கல் அளவு 230-க்கு 110-க்கு 76 மில்லிமீட்டர். நம் ஒன்பது அங்குலக் கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

1929-க்குப் பிறகு உலகமே மந்தத்தில் விழுந்தது. வீடு கட்ட ஆள் இல்லை, செங்கல் வாங்க நாதி இல்லை. 1934-இல் சிட்னியின் தனியார் செங்கல்காரர்கள் சேர்ந்து பிரிக்வர்க்ஸ் லிமிடெட் என்ற ஒரே கம்பெனியானார்கள். இதற்குள் ஆட்சியும் மாறியிருந்தது. 1936-இல் பெர்ட்ரம் ஸ்டீவன்ஸின் அரசு ஹோம்புஷ் தொழிற்சாலையை அந்தக் கம்பெனிக்கே விற்றுவிட்டது. யாருக்குப் போடச் செய்த கடிவாளமோ, அதை அவர்கள் கையிலேயே ஒப்படைத்த கதை. 1940-இல் சூளை அணைந்தது.

போர் முடிந்தபோது சிட்னியில் வீட்டுக்கு அலையாத ஆள் இல்லை. சண்டையிலிருந்து திரும்பியவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். ஆறு வருஷமாக எவனும் வீடு கட்டவில்லை. 1946-இல் தொழிற்கட்சி அரசு ஹோம்புஷில் மறுபடி நெருப்பு மூட்டியது. அப்போது பிரீமியர் வில்லியம் மெக்கெல். இவரும் கொதிகலன் தொழிலாளி! அது மட்டுமில்லை. 1917 தேர்தலில், ரெட்ஃபெர்ன் தொகுதியில், 26 வருஷமாக உட்கார்ந்திருந்த மெகவனைத் தோற்கடித்து அரசியலுக்குள் வந்த இளைஞன் இந்த மெக்கெல்தான். போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டும் என்று சொன்னதற்காகக் கட்சி மெகவனை வெளியேற்றியிருந்தது. கிழவர் தொடங்கிய தொழிற்சாலையை, கிழவரைக் கவிழ்த்தவர் தூக்கி நிறுத்தினார். இந்தச் செய்தியைத் தடுப்புகளில் நான் பார்க்கவில்லை, எழுதி வைத்திருக்கலாம்.

"நான் வந்த புதிசில இந்தப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டினம்," என்றார் பெரியவர். "மாடு வெட்டுற இடம் இருந்தது. காத்து இஞ்சால அடிச்சா வீட்டுக்குள்ள இருக்கேலாது. கல்லு லொறியள் போகும், தூசி பறக்கும். வாடகை குறைவு. அதுதான் எங்கட சனம் ஹோம்புஷுக்கு வந்தது."

அவர் சொன்ன மாடு வெட்டுகிற இடம் அரசின் இறைச்சிக் கூடம். செங்கல் தொழிற்சாலையின் கூடப் பிறந்தது என்றே சொல்லலாம், அதையும் இதே காலத்தில்தான் கட்டினார்கள். நாறுவதும் புகைவதும் ஊருக்கு வெளியே போகட்டும் என்று அன்றைய நகரம் ஒதுக்கிய மூலை இது. அதற்கும் முன்னால் குதிரைப் பந்தயம் நடந்த இடம். அதற்கும் முன்னால் டார்சி வெண்ட்வர்த்தின் பண்ணை. இந்த வெண்ட்வர்த் லண்டனில் வழிப்பறி வழக்குகளில் கூண்டில் நின்று, விடுதலையாகி, 1790-இல் கப்பலில் வந்து சேர்ந்தவர். பிறகு காலனியின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். என் தங்கை குடியிருக்கும் வெண்ட்வர்த்வில்லுக்குப் பெயர் கொடுத்த மனிதர் இவரேதான். இவ்வளவு தமிழர்கள் தன் பெயரைத் தினமும் உச்சரிப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பாலத்திலிருந்து வடகிழக்கே பார்த்தால் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ரோட்ஸ் என்ற புறநகரின் அடுக்குமாடிகள் தெரியும். அங்கே யூனியன் கார்பைடின் ரசாயன ஆலை இருந்தது. போபாலை மறக்காத நம்மவருக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும். வியட்நாம் காடுகளில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சில் கலக்கும் களைக்கொல்லி அங்கே தயாரானது. கழிவிலிருந்த டையாக்சின் விரிகுடாவின் சேற்றில் இறங்கி, சிட்னித் துறைமுகத்தில் வணிகத்துக்கு மீன் பிடிப்பதையே 2006-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனைத் தின்னாதீர்கள் என்ற எச்சரிக்கை இன்னும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் செங்கல் பள்ளம் ஒரு சாது.

1988-இல் இறைச்சிக் கூடமும் மூடப்பட்டது, செங்கல் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அதற்கு முன்பே சினிமாக்காரர்கள் பள்ளத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1985-இல் வந்த 'மேட் மேக்ஸ்' வரிசையின் மூன்றாவது படத்தில் உலகம் அழிந்த பிறகு மிஞ்சிய மனிதர்கள் வாழும் பார்ட்டர்டவுன் என்ற ஊர் வரும். டினா டர்னர் ராணியாக ஆட்சி செய்வார். அந்த ஊருக்கு செட் போட்டது இந்தப் பள்ளத்தில்தான். உலகம் அழிந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்குத் தொழிற்சாலைப் பள்ளத்தை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று எண்ணியிருப்பார்கள்.

தொழிற்சாலை மூடியதும் தண்ணீர் இறைக்கிற பம்ப் நின்றது. மழைத் தண்ணீர் பள்ளத்தின் தரையில் ஆங்காங்கே குட்டையாகத் தேங்கியது. ஆள் நடமாட்டம் இல்லை. 1992-இல் யாரோ இறங்கிப் பார்த்தபோது குட்டைகளில் தவளைகள் உட்கார்ந்திருந்தன.

சாதாரணத் தவளை இல்லை. பச்சை உடம்பில் தங்க நிறத் திட்டு, ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியின் அதே இரண்டு நிறம். லிட்டோரியா ஆரியா என்பது விஞ்ஞானப் பெயர். மற்றத் தவளைகளைப் போல இரவுக்காகக் காத்திருக்காது, பட்டப்பகலிலும் வெயில் காயும். ஒரு காலத்தில் சிட்னியில் எங்கும் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் அறுக்கப் பிடித்துவரும் அளவுக்கு மலிவு. 1960-களுக்குப் பிறகு அது வாழ்ந்த இடங்களில் பத்தில் ஒன்பதில் காணாமல் போனது. முதல் குற்றவாளி கைட்ரிட் என்ற பூஞ்சை. தவளையின் தோலில் பிடித்துக் கொல்வது. இரண்டாவது குற்றவாளி மனிதன் கொண்டுவந்து விட்டது. கொசுவை ஒழிக்க 1920-களில் கம்பூசியா மீனைக் குளங்களில் விட்டார்கள். அது கொசுவை விட்டுவிட்டுத் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றது. செங்கல் பள்ளத்துக் குட்டைகளில் மீன் கிடையாது. ஆற்றோடு தொடர்பே இல்லையே, எப்படி வரும்? புதிதாகக் கிளறிப்போட்ட, செடி கொடி அதிகம் முளைக்காத இடத்தில் குடியேறுவது இந்தத் தவளையின் சுபாவம். எழுபது வருஷத்துக்கு மேல் மனிதன் தோண்டிச் சீரழித்த பள்ளம் அதற்குச் சொர்க்கமாக அமைந்துவிட்டது.

அடுத்த வருஷமே, 1993 செப்டம்பரில், ஒலிம்பிக் சிட்னிக்கு என்று அறிவிப்பு வந்தது. டென்னிஸ் அரங்கத்தை இந்தப் பள்ளத்தில் கட்டுவதாகத் திட்டம். பசுமை ஒலிம்பிக் என்று பெருமையடித்து வாங்கிய போட்டி; அழியப்போகிற தவளையின் வீட்டை மூடிவிட்டு டென்னிஸ் ஆடினால் உலகம் சிரிக்கும். அரங்கத்தை வேறு பக்கம் நகர்த்தினார்கள். சுற்றுவட்டாரத்தில் தவளைக்கென்றே புதுக் குட்டைகள் வெட்டினார்கள். சாலைக்கு அடியில் தவளை கடக்கச் சுரங்கவழி போட்டார்கள். பள்ளத்தின் அடிப்பகுதி இப்போது நீர்த்தேக்கம்: பூங்கா முழுவதற்கும், பக்கத்தில் வீரர்கள் தங்க எழுப்பிய நியூயிங்டன் குடியிருப்புக்கும் மறுசுழற்சித் தண்ணீர் வழங்கும் திட்டத்தின் ஒரு கை. பாலத்தை இவ்வளவு உயரத்தில் கட்டியதும் தவளைக்காகத்தான். நம் செருப்பில் ஒட்டிய சேற்றோடு பூஞ்சை கீழே இறங்கிவிடக் கூடாது.

பெரியவர் திடீரென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கேளுங்கோ."

கீழே எங்கேயோ ஒரு உறுமல். மோட்டார் சைக்கிள் கியர் மாற்றுகிறதைப் போல நீளமாக ஒன்று, பிறகு துண்டு துண்டாக இரண்டு மூன்று. இந்தத் தவளையின் சத்தத்தை எல்லாரும் அப்படித்தான் வர்ணிக்கிறார்கள், காதால் கேட்டபிறகு வேறு உவமை எனக்கும் கிடைக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று தேடினேன். பதினெட்டு மீட்டர் மேலே நின்றுகொண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் பிராணியைத் தேடுவது நடக்கிற காரியமா? கோரைப்புல் அசைந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் செயின்ட் பீட்டர்ஸ் போனேன். ஒன்றைப் பார்த்தபின் மற்றதைப் பார்க்காமல் விட முடியவில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் எதிரே நான்கு உயரமான புகைபோக்கிகள். ஜோசையா ஜென்டில் என்பவர் 1893-இல் தொடங்கிய பெட்ஃபோர்ட் செங்கல் சூளை அங்கே இருந்தது. சூளைகள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஹாஃப்மன் சூளை முக்கியமானது. பெர்லின்காரர் ஃப்ரீட்ரிக் ஹாஃப்மன் 1858-இல் காப்புரிமை பெற்ற உத்தி. அறை அறையாக நீளும் வளையம். நெருப்பு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், அணைவதே இல்லை. முன்னால் இருக்கும் அறையில் பச்சைக் கல் சூடேறும், பின்னால் வெந்த கல் ஆறும், ஆறியதை ஆட்கள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நம் ஊர்களில் சேம்பர் என்று சொல்கிறோமே, அதன் தாத்தா இது. 1876-இல் புல் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் இதையே கூரையில்லாமல் தரையில் பள்ளமாக மாற்றினார். நான் குனிந்து வளைவு வாசலுக்குள் பார்த்தேன். உள்பக்கச் செங்கல் எல்லாம் சூட்டில் உருகிக் கண்ணாடிப் பூச்சாகப் பளபளத்தது. கரி அப்பின வாசலில் இன்றைய பையன்கள் ஸ்ப்ரே பெயின்ட் அடித்திருந்தார்கள்.

ஆனால் செயின்ட் பீட்டர்ஸில் பள்ளத்தைக் காணவில்லை. பூங்காவில் பச்சைப் பசேலென்று குன்றுகள். உச்சியில் ஏறினால் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் முழுசாகத் தெரியும். நாய்களோடு ஜனங்கள் ஓடுகிறார்கள். களிமண் எடுத்த பள்ளங்களில் சிட்னி பல வருஷம் குப்பையைக் கொட்டியது. நிரம்பி வழிந்தபிறகும் கொட்டியது. கடைசியில் மண் போட்டு மூடி, புல் வைத்து, 1991-இல் பூங்காவாகத் திறந்தது. அந்தக் குன்றுகள் எல்லாம் குப்பை. நகரின் பெரும்பாலான செங்கல் பள்ளங்களுக்கு இதுதான் கதி. பக்கத்திலேயே இருந்த இன்னொரு பள்ளம் முதலில் குப்பை மேடாகி, இப்போது நெடுஞ்சாலைச் சந்திப்பாகியிருக்கிறது. செங்கல் வெளியே போய் வீடானது, வீட்டின் குப்பை திரும்பி வந்து பள்ளத்தை அடைத்தது.

ஹோம்புஷ் பள்ளத்துக்கும் அந்தக் கதி வந்திருக்கும், தவளை இல்லாவிட்டால். அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பாலத்தில் நடக்கிறவர்கள் தவளையைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். சிண்டிகேட்டோடு மோத ஒருமுறை, வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க ஒருமுறை என்று ஒரு மாநில அரசு இரண்டு முறை செங்கல் அறுக்க இறங்கியது என்பதைத் தெரிந்துகொண்டு எத்தனை பேர் போகிறார்கள்? பெரியவரிடம் கேட்டேன். நாற்பது வருஷம் ஹோம்புஷில் இருக்கிறவர், தினமும் இரண்டு சுற்றுச் சுற்றுகிறவர்.

"அரசாங்கத்தின்ர கம்பனியோ?" என்றார். "நான் ஏதோ வெள்ளைக்காரன்ர எண்டெல்லோ நினைச்சன்."

சிட்னி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புகைபோக்கியும் சூளையும் பார்க்க வேண்டுமானால் செயின்ட் பீட்டர்ஸ். பள்ளத்தைப் பள்ளமாகவே பார்க்க வேண்டுமானால் ஹோம்புஷ். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஹோம்புஷையே தேர்ந்தெடுங்கள். லிட்கம் ஸ்டேஷனில் மாறினால் ஒலிம்பிக் பார்க்குக்கு ரயில் உண்டு, அங்கிருந்து நடந்துவிடலாம். பாலத்தில் ஏறக் கட்டணம் இல்லை, இருட்டினால் மூடிவிடுவார்கள். தவளையின் குரலைக் கேட்க நம் கார்த்திகை, மார்கழிதான் சரியான மாதம். அங்கே அப்போது கோடை.